கீலுக்குள் தண்ணீர்: இரும்பு பேலஸ்ட் உள்ள 22 அடி ஃபைபர் பாய்மரப் படகு. எங்கிருந்து வருது, எப்படி நிறுத்துறது?

#1 கொண்டல்_22

படகு 22 அடி, 1970களில் வார்த்த ஃபைபர் ஹல் (படகின் உடல்). கீல் (அடியில் நீருக்குள் நீண்டு இறங்கும் பகுதி) தனியாக போல்ட் போட்டு மாட்டினது இல்லை, ஹல்லோடு ஒரே வார்ப்பு. உள்ளே இரும்புப் பஞ்சிங் துண்டுகளைக் கொட்டி சிமென்ட் ஊற்றியிருக்கிறது, சுமார் 420 கிலோ. இதுதான் பேலஸ்ட், படகைக் கவிழாமல் நிறுத்தும் எடை. அதன் மேல் மெல்லிய ஃபைபர் மூடி. அந்த மூடிதான் பில்ஜின் (படகுக்குள் தண்ணீர் தேங்கும் அடிப்பள்ளம்) தரையும்.

கரையேற்றி பத்து நாள் ஆகிறது. ஹல் முழுக்கக் காய்ந்துவிட்டது. ஆனால் கீலின் இடது பக்கத்தில், அடியிலிருந்து ஒரு அடி உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஈரத் திட்டுகள் மட்டும் காயவே இல்லை. பின்கோடி அடி மூலையில் ஊசி முனை அளவு ஓட்டை, அதிலிருந்து துருக்கோடு. சுத்தியலால் தட்டினால் 40 × 25 செ.மீ. பரப்புக்கு 'டொப் டொப்' என்று உள்ளீடற்ற சத்தம். பில்ஜில் எப்போதும் இரண்டு விரல்கடைத் தண்ணீர் நிற்கும்.

திட்டுகளைத் தேய்த்து மேட் (கண்ணாடி நார் விரிப்பு) போட்டு அடைத்துவிட்டால் போதுமா, இல்லை கீலைத் திறக்க வேண்டுமா?

#2 தண்டையல்

அடைக்காதீர்கள். இப்போது அந்த ஓட்டை உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது. உள்ளே இருப்பது வெளியே வர அது ஒன்றுதான் வழி.

கீல் ஈரம் என்றதும் எல்லோரும் வெளிப்பக்கத்தையே பார்க்கிறார்கள். இந்த வகைக் கட்டுமானத்தில் தண்ணீர் பெரும்பாலும் மேலிருந்து, அதாவது பில்ஜிலிருந்து இறங்குகிறது. பேலஸ்ட் மேல் போட்ட மூடி பல படகுகளில் இரண்டு மூன்று அடுக்கு மேட்தான். அதன் ஓரம் ஹல்லோடு சேரும் கோட்டில் முதலில் விடும். யாரோ பில்ஜ் பம்பை நேராக அந்த மூடியிலேயே திருகு போட்டு மாட்டியிருப்பார்கள். நான்கு திருகு, நான்கு ஓட்டை. அவற்றின் மேல் வருஷம் முழுக்க இரண்டு விரல்கடைத் தண்ணீர். வெளியிலிருந்து வருவது தரை தட்டி அடி உரசின கீலில்தான். நீள கீல் படகானால் சுக்கான் அடிப்பொருத்தின் போல்ட் துளைகளையும், ஹல்லை இரண்டு பாதியாக வார்த்துச் சேர்த்த நடுக்கோட்டையும் பாருங்கள்.

இன்னொன்று: படகு இப்போது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? கீலின் அடிக்குக் கீழே மரக்கட்டைதானே. எல்லா எடையும் அங்கே இறங்கும்போது அடியில் விரிசல் இருந்தாலும் வாய் மூடிக்கொள்ளும், கட்டை அதை மறைத்தும் விடும். ஒரு தடவை ஸ்லிங்கில் (தூக்கும் பட்டையில்) ஒரு அடி தூக்கிக் கட்டைகளை இடம் மாற்றி வையுங்கள். தூக்கிய நிலையில் அடியைச் சுத்தமாகத் துடைத்துப் பார்க்க வேண்டும். தொங்கும் படகின் கீழே தலையை நீட்டாதீர்கள், கண்ணாடியையும் டார்ச்சையும் கோலில் கட்டி நீட்டுங்கள்.

#3 எப்பாக்ஸி ராசு

தலைப்பைப் பார்த்ததும் தார் டப்பாவுக்குள் தண்ணீர் போய்விட்டதோ என்று நினைத்தேன். நம்ம ஊரில் கீல் என்றால் தார்தானே, படகுக்குப் பூசுவது. இது ஏரா. சரி, எல்லோரும் கீல் என்றே எழுதுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

தண்டையல் சொல்வது சரி. தண்ணீர் வந்த வழியை உறுதிப்படுத்த சாயச் சோதனை போடுங்கள். பில்ஜைத் துடைத்துவிட்டு, கேசரிக்குப் போடும் சிவப்புக் கலரைக் கலந்த தண்ணீரை மூடிக்கு மேல் இரண்டு செ.மீ. நிற்கிற அளவு ஊற்றுங்கள். கீலின் பின்கோடி ஓட்டைக்கு நேர் கீழே வெள்ளைத் துணி. 48 மணி நேரம் விடுங்கள். சிவப்பு வந்தால் மேல்மூடி ஓட்டை. வராவிட்டால் மூடி நன்றாக இருக்கிறது என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது, துருச்சேறு வழியை அடைத்திருக்கலாம். படகு கட்டையில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். சற்றே பின்பக்கம் தாழ்வாக இருந்தால்தான் உள்ளே இருப்பது பின்கோடிக்கு ஓடி வரும்.

#4 கச்சான்காற்று

வெளியே வரும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடியுங்கள். வீட்டில் ஆர்ஓ தண்ணீர் பார்க்கிற டிடிஎஸ் மீட்டர் இருந்தால் அதில் வையுங்கள். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதாவது 35,000 பிபிஎம். சாதாரண மீட்டர் 9,990க்கு மேல் காட்டாது, கையை விரித்துவிடும். ஆயிரத்துக்குள் காட்டினால் மழைத்தண்ணீர் டெக் வழியாகவோ பாய்மரத்தின் வழியாகவோ இறங்கி பில்ஜில் தேங்கி கீலுக்குள் போகிறது. மீட்டர் கையை விரித்தால் கடல் தண்ணீர். ஆனால் அது வெளியிலிருந்தும் வரலாம், ஸ்டெர்ன் கிளாண்ட் (புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தின் அடைப்பு) சொட்டி பில்ஜ் வழியாகவும் வரலாம்.

லிட்மஸ் தாளும் ஒன்று வையுங்கள். பாலியெஸ்டர் ரெசின் தண்ணீரில் ஊறிச் சிதைந்தால் திரவம் அமிலமாக, பழுப்பாக, விரலில் பிசுபிசுப்பாக, வினிகர் போல வாடை அடிக்கும். சிமென்ட் ஊறிய தண்ணீர் இதற்கு நேர் எதிர், காரம். இரண்டில் எது என்று தெரிந்தால் ஊறியது சிமென்டா லேமினேட்டா (ஃபைபர் சுவரா) என்பது தெரிந்துவிடும்.

ஈரமானியை நம்பி முடிவெடுக்காதீர்கள். அடியில் இரும்பு இருக்கும் இடத்திலும், மேலே செம்பு கலந்த ஆன்டிஃபவுலிங் (பாசி, சிப்பி ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) இருக்கும் இடத்திலும் அது எப்போதும் உச்சத்தில்தான் நிற்கும்.

#5 கொண்டல்_22

எல்லாம் செய்தாயிற்று. 30 மணி நேரத்தில் துணியில் சிவப்பு வந்துவிட்டது. அதற்கு முன் பிடித்த தண்ணீருக்கு மீட்டர் உச்சத்தில் நின்றது, லிட்மஸ் நீலம், அதாவது காரம். பில்ஜ் பம்ப் அடியில் நான்கு திருகு, தண்டையல் சொன்னபடியே. இரண்டு திருகு துருப்பிடித்துத் தலையோடு வந்துவிட்டது.

அடியில் உரசின இடமும் இருக்கிறது: முன்கோடியில் ஒரு சாண் நீளத்துக்கு ஜெல்கோட் (ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சு) போய் நார் தெரிகிறது. மெல்லக் கீறிப் பார்த்ததில் 3 மி.மீ. ஆழம் வரை மட்டும் பொடிகிறது, அதற்குக் கீழே கெட்டி.

இந்தத் தண்ணீரால் உண்மையில் என்ன ஆபத்து? எடை கூடுமா?

#6 தண்டையல்

எடை பெரிய விஷயமில்லை. உள்ளே ஐந்தாறு லிட்டர் இருந்தாலும் ஆறு கிலோ, அதுவும் படகின் அடியில்.

விஷயம் இரும்பு. சுத்தமான சிமென்டுக்குள் இருக்கும் இரும்பு துருப்பிடிக்காது, சிமென்டின் காரம் அதன் மேல் காப்புப் படலம் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு வந்ததும் அந்தப் படலம் உடையும். துரு, தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே இடம் இல்லை, அதனால் பக்கச் சுவரைத் தள்ளும். உங்கள் 40 × 25 செ.மீ. பொள்ளல் அப்படி வந்ததாகவே இருக்க வாய்ப்பு அதிகம். கட்டும்போதே லேமினேட்டுக்கும் சிமென்டுக்கும் ஒட்டு இல்லாமல் போயிருக்கலாம், ஆனால் துருக்கோடும் சேர்ந்து தெரிவதால் சொல்கிறேன்.

ஒரு மீட்டர் நேர்கோலைக் கீலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடது, வலது இரண்டையும் ஒரே உயரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். வீக்கம் 3 மி.மீ.க்குள் என்றால் அலசி, உலர்த்தி, மேல்மூடியைச் சரிசெய்து, நிரப்பிச் சமாளிக்கலாம். சுவர் 10 மி.மீ. புடைத்து விரிசலும் விட்டிருந்தால் பேலஸ்டை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி சொல்ல மாட்டேன்.

ஈயம் இருக்கும் படகில் இவ்வளவு பதற்றம் வேண்டாம். கேப் டோரி டைஃபூன் மாதிரி 18½ அடிப் படகில் 900 பவுண்ட் ஈயத்தைக் கீலுக்குள் வைத்தே மூடியிருக்கிறது. தண்ணீர் போனால் ஈயம் வீங்காது. லேமினேட் ஊறும், உறைபனி உள்ள ஊரானால் வேறு கதை.

#7 சோழகம்

அந்த வேறு கதையை நான் சொல்லுறன் அண்ணை. ரொறன்ரோப் பக்கம் ஏரித் தண்ணி, உப்பே இல்லை, ஆனா குளிருக்குத் தண்ணி உறைஞ்சால் 9 வீதம் விரியும். கீலுக்குள்ள அடைபட்ட தண்ணிக்குப் போக இடம் இல்லை. ஈயமோ இரும்போ, சுவர் வெடிக்கும். வசந்தத்தில பாத்தால் கீலின்ர அடிக்கோட்டில நீளத்துக்கு மயிர் விரிசல் நிக்கும்.

அதால குளிர் தேசத்தில கரையேத்தின உடனேயே, ஒக்டோபர் முடியிறதுக்குள்ள, அடியில 8 மி.மீ. துளை போட்டு வடிய விடுறது வழமை. முழுக்க வடியாது எண்டு தெரிஞ்சால் புரொப்பிலீன் கிளைக்கோல், அந்த ரோசா நிற அன்டிஃப்ரீஸ், உள்ள விடலாம். ஆனா அது குளிர்காலத்துக்கு மட்டும்தான். பிறகு எப்பாக்ஸி ஒட்டப்போறியள் எண்டால் கிளைக்கோலை நல்ல தண்ணி விட்டு நாலஞ்சு தரம் அலச வேணும். அது தண்ணியோட கலக்கும், போயிடும். டீசலும் எண்ணெயும்தான் போகாது.

கொண்டலுக்கு இது தேவையில்லை. வாசிக்கிற மற்றவைக்காகச் சொன்னனான்.

#8 கொண்டல்_22

நேர்கோல் வைத்தேன். பொள்ளல் இடத்தில் 2 மி.மீ. வீக்கம், வலது பக்கம் சமம். அப்படியானால் அலசி உலர்த்துவது. எத்தனை நாள் வெயிலில் விட வேண்டும்?

#9 கச்சான்காற்று

உப்பு உள்ளே இருக்கும்வரை வெயிலில் விட்டும் காயாது. சமையலுப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசியுமே, அதேதான். கடலோரத்தில் இரவு முழுக்க 75க்கு மேல்தான் ஈரப்பதம். பகலில் காய்ந்ததை இரவில் உப்பு திரும்பக் குடித்துவிடும். ஆகவே முதலில் அலசல், பிறகுதான் உலர்த்தல்.

செய்முறை: பொள்ளல் பகுதியின் கீழோரத்தில் ஒரு 8 மி.மீ. துளை, மேலோரத்தில் இரண்டு. டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரும்பைத் தொட்டதும் சத்தம் மாறும், அங்கே நிறுத்துங்கள். கீழ்த்துளையில் குழாய் பொருத்தி நல்ல தண்ணீரை மேலே ஏற்றுங்கள், மேல்துளையில் வழியும்வரை. எத்தனை லிட்டர் போனது என்று எழுதி வையுங்கள். பின்னால் எத்தனை கிலோ எப்பாக்ஸி வாங்குவது என்ற கணக்கு அதிலிருந்துதான் வரும். 24 மணி நேரம் ஊறவிட்டு வடித்து, டிடிஎஸ் பார்த்து, திரும்ப. ஐந்து முதல் எட்டுத் தடவை ஆகும். குழாய்த் தண்ணீரின் அளவுக்கு அருகில் வந்ததும் நிறுத்தலாம்.

#10 எப்பாக்ஸி ராசு

கச்சான், ஒரு திருத்தம். சிமென்ட் பேலஸ்டில் டிடிஎஸ் குழாய்த் தண்ணீர் அளவுக்கு இறங்கவே இறங்காது. சுண்ணாம்பு கரைந்து வந்துகொண்டே இருக்கும், மீட்டருக்கு உப்பும் சுண்ணாம்பும் ஒன்றுதான். ஆள் பத்துத் தடவை அலசிவிட்டு இன்னும் உப்பு என்று நினைத்துக் கொள்வார். நீச்சல்குளத்துக்கு விற்கும் உப்புச் சோதனைப் பட்டை வாங்குங்கள், அது குளோரைடை மட்டும் பார்க்கும். கடைசி இரண்டு அலசலுக்குப் போர் தண்ணீர் வேண்டாம், ஆர்ஓ தண்ணீர் கேன் இரண்டு போதும்.

#11 கச்சான்காற்று

சரிதான், சிமென்டை மறந்துவிட்டேன். ரெசினில் பொதிந்த பேலஸ்டுக்குத்தான் டிடிஎஸ் கணக்கு நேராக வரும்.

உலர்த்தலுக்கு ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் வேக்குவம் பம்ப் நல்ல கருவி. நடுவில் ஒரு கண்ணாடிப் பாட்டில் பொறி கட்டாயம், இல்லாவிட்டால் தண்ணீர் பம்ப் எண்ணெயில் கலந்து பால்போல் வெளுக்கும். வெளுத்தால் உடனே எண்ணெய் மாற்றுங்கள்.

மானியில் மைனஸ் 0.9 பார் வந்தால் உள்ளே 0.1 பார்தான் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 46 டிகிரியில் கொதிக்கும். பகலில் கீலைக் கறுப்புத் தார்ப்பாயால் சுற்றிவிட்டால் மேற்பரப்பு அந்த வெப்பத்துக்கு வந்துவிடும். வெறும் 30 டிகிரியில் கொதிக்க வைக்க வேண்டுமானால் 0.042 பாருக்கு இறக்க வேண்டும், ஓட்டை உள்ள கீலில் அது நடக்காது. ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்துவிடும் என்பதால் ஒரு மணி நேரம் இழுப்பது, ஒரு மணி நேரம் சூடேற விடுவது என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

கவனம்: 0.9 பார் என்றால் சதுர மீட்டருக்கு 9 டன். பொள்ளல் 2 மி.மீ. இடைவெளி மட்டும் என்றால் சுவர் பேலஸ்டில் போய்ச் சாய்ந்துகொள்ளும், ஆபத்தில்லை. உள்ளே கை நுழையும் குகை இருந்தால் சுவர் உள்நோக்கி உடையும். அப்போது 0.3 பாரைத் தாண்டாதீர்கள், வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் நம்புங்கள்.

#12 புதுப்பாய்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஓட்டை தேடக் காற்றழுத்தம் ஏற்றி சோப்பு நுரை பூசிப் பார்க்கலாமே, டியூப் பஞ்சர் பார்ப்பது போல? பிறகு பியூ ஃபோம் (பாலியூரித்தேன் நுரை) அடித்து நிரப்பிவிட்டால் வேலை முடிந்ததே?

#13 தண்டையல்

தம்பி, இரண்டும் ஆபத்து.

காற்று: 1 பிஎஸ்ஐ என்றால் சதுர மீட்டருக்கு 700 கிலோ. கீல் பக்கம் 0.8 ச.மீ. இருந்தால் 560 கிலோ உள்ளிருந்து தள்ளும், அதுவும் ஏற்கெனவே பேலஸ்டிலிருந்து விட்டுப்போன சுவரை. டயர் அடிக்கும் கம்ப்ரஸரின் வால்வைத் தொட்டாலே 30 பிஎஸ்ஐ. ஓட்டை கண்டுபிடிப்பதற்குள் பொள்ளல் இரண்டு மடங்காகிவிடும். சைக்கிள் பம்பால், தண்ணீர் மானோமீட்டர் வைத்து, 20 செ.மீ. நீருயரம் தாண்டாமல் செய்தால் ஒப்புக்கொள்வேன். அது 0.02 பார்.

ஃபோம்: அதில் இருப்பது தனித்தனியாக அடைபட்ட குமிழிகள், தண்ணீர் குடிக்காது என்பார்கள். வருஷக் கணக்கில் ஊறினால் குடிக்கும். குடித்ததை விடாமல் இரும்போடு ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும். அதன் பிறகு யாராலும் அலசவும் முடியாது, உலர்த்தவும் முடியாது.

#14 கொண்டல்_22

அலசல் ஆறு தடவை. பட்டையில் குளோரைடு குழாய்த் தண்ணீர் அளவுக்கு வந்துவிட்டது. உள்ளே போன அளவு 4.2 லிட்டர். வேக்குவம் மூன்று நாள், பொறிப் பாட்டிலில் கடைசி நாள் ஒரு சொட்டும் இல்லை. காய்ந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது? எப்பாக்ஸி எவ்வளவு, எது?

#15 எப்பாக்ஸி ராசு

உறுதி செய்ய: துளைகளைத் திறந்து வைத்து, அந்தப் பகுதி முழுக்கத் தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி மூடுங்கள். உள்ளே பத்து ரூபாய்க் காசளவு ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) ஒன்று. காலை வெயில் பட்டதும் தாளின் உட்புறம் வியர்த்தால் இன்னும் ஈரம். இரண்டு நாள் வியர்க்காமல் இருந்தால் மேலே போகலாம். சிமென்டுக்குள் ஆழத்தில் ஈரம் இருக்கத்தான் செய்யும், அதை எலும்பு வரை காயவைக்கப் பார்த்தால் படகு அடுத்த சீசனையும் தவறவிடும். உப்பு போய்விட்டது, மேலிருந்து புதிதாக வராது, அது போதும்.

அளவு: 4.2 லிட்டர் × 1.1 = 4.6 கிலோ. வீணாவதற்குச் சேர்த்து 5.5 கிலோ. எங்கள் வெயிலுக்கு மெதுவான ஹார்டனர்தான் (ரெசினைக் கெட்டியாக்கக் கலக்கும் திரவம்). வெஸ்ட் சிஸ்டம் என்றால் 105 ரெசினோடு 209, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம். 206 போட்டால் ஐந்துக்கு ஒன்று, நேரம் 209இன் பாதிதான். 22 டிகிரியில் 206க்கு 20-25 நிமிஷம் என்று டப்பாவில் போட்டிருப்பது 35 டிகிரி நிழலில் அதில் பாதிகூட இருக்காது. விகிதத்தைக் கண்ணால் அளக்காதீர்கள், டப்பாவில் போட்டிருப்பது கொள்ளளவு விகிதம், தராசு என்றால் எடை விகிதத்தைத் தனியாகப் பாருங்கள்.

ஒரே தடவையில் 4 லிட்டர் ஏற்றக் கூடாது. இரண்டு காரணம். முதலாவது சூடு: வாளியில் கலந்து வைத்த கெட்டி எப்பாக்ஸி புகைந்து நுரைத்துப் பொங்கும். 500 கிராமுக்கு மேல் ஒரு கப்பில் கலக்காதீர்கள், கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றுங்கள். இரண்டாவது அழுத்தம். கச்சான் கணக்குச் சொல்லட்டும்.

#16 கச்சான்காற்று

60 செ.மீ. உயரத்துக்குத் திரவ எப்பாக்ஸி நின்றால் அடியில் சதுர மீட்டருக்கு 660 கிலோ தள்ளும். மேலே காற்றழுத்தத்துக்குத் தண்டையல் திட்டினாரே, கிட்டத்தட்ட அதே எண். ஆகவே 15 செ.மீ. ஏற்றுவது, கெட்டியானதும் அடுத்த 15. ஒவ்வொரு தடவைக்கும் வேறு ஊசித்துளை, முந்தின மட்டத்துக்குச் சற்று மேலே. வெளியே 18 மி.மீ. பிளைவுட் பலகைக்கு மேல் பாலித்தீன் சுற்றி, இரண்டு பக்கமும் வைத்து, கீலைக் குறுக்கே ரேச்சட் பட்டையால் இறுக்கினால் சுவர் புடைக்காது. அந்த 2 மி.மீ. வீக்கத்தையும் இதே பட்டையால் கொஞ்சம் உள்ளே தள்ளலாம், ஆனால் துருவும் சிமென்டுப் பொடியும் இடையில் இருந்தால் முழுக்கப் போகாது. வலிந்து இறுக்க வேண்டாம்.

#17 எப்பாக்ஸி ராசு

கீழிருந்து மேலே ஏற்றுவதுதான் விதி. மேலிருந்து ஊற்றினால் காற்று அடைபடும். 300 மி.லி. காலிக் காக்கிங் குழல் வாங்கி அதில் நிரப்பி, கீழ்த்துளையில் மூக்கை வைத்துத் தள்ளுங்கள். மேல்துளையில் குமிழி இல்லாமல் வழிய ஆரம்பித்ததும் மரக்குச்சியால் கீழ்த்துளையை அடையுங்கள். சிலிக்கா தூள் கலந்தால் தேன் பதம் வரை போகலாம், அதைத் தாண்டினால் மெல்லிய சந்துகளுக்குள் போகாது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். துருச்சேறு படிந்த இரும்பிலும் பழைய சிமென்டிலும் எப்பாக்ஸி ஒட்டும் என்று நம்ப வேண்டாம். நாம் செய்வது தண்ணீர் நிற்கும் இடத்தை அடைப்பது, சுவருக்கு முதுகு கொடுப்பது. அதற்கு மேல் எதுவும் இல்லை.

#18 தண்டையல்

நிரப்புவதற்கு முன்னால் மேல்மூடி. வரிசை மாறக் கூடாது என்பார் ஒருவர், மாறினால் என்ன என்பார் இன்னொருவர். ஆனால் மூடி முடியாமல் வெளியே அடைத்தால் அடுத்த மழைக்குக் கீல் தண்ணீர்த் தொட்டிதான்.

பழைய மூடியை ஆட்டிப் பாருங்கள், ஓரம் விட்டிருந்தால் முழுக்க எடுத்துவிடுங்கள். 40 கிரிட் தகட்டால் இருபக்க ஹல் சுவரையும் 10 செ.மீ. உயரத்துக்குப் பளபளப்புப் போகத் தேயுங்கள். தேய்ப்பதற்கு முன் அசிடோன் துணியால் துடைக்க வேண்டும், பின்னால் மட்டும் துடைத்தால் பில்ஜ் எண்ணெயைத் தகடு உள்ளே தேய்த்திருக்கும். மூலையில் எப்பாக்ஸிப் பசையால் வளைவு கொடுங்கள், ஐந்து ரூபாய் நாணய ஆரம் போதாது, 25 மி.மீ. ஆரம் வேண்டும். நேர்மூலையில் துணி படியாது, அடியில் காற்று நிற்கும். அதன் மேல் சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள பயாக்ஸியல் துணி (இரு திசையில் நார் ஓடும் கண்ணாடித் துணி) ஐந்து அடுக்கு, ஒவ்வொன்றும் சுவரில் 75லிருந்து 100 மி.மீ. ஏறட்டும், எல்லா ஓரமும் ஒரே கோட்டில் முடியாமல்.

பம்புக்கு: 12 மி.மீ. ஃபைபர் பலகை அல்லது எப்பாக்ஸி பூசிய மரத்துண்டை மூடிமேல் ஒட்டுங்கள். திருகு அந்தத் துண்டுக்குள்ளேயே முடிய வேண்டும்.

#19 கொண்டல்_22

முன்கோடி உரசலும் துளைகளும் பாக்கி. யார்டில் இருக்கும் ஃபைபர்காரர் மேட், பாலியெஸ்டர் ரெசின், கோபால்ட் (ரெசின் சீக்கிரம் கெட்டியாகச் சேர்ப்பது) வைத்துச் செய்துவிடலாம் என்கிறார். மீன்பிடி ஃபைபர் படகுகளில் அதுதான் நடைமுறையாம்.

#20 எப்பாக்ஸி ராசு

ஹல் பாலியெஸ்டர் என்பதால் பாலியெஸ்டர் போட்டாலும் நிற்கும், தரை தட்டாதவரை. காய்ந்த பாலியெஸ்டர் மேல் புதுப் பாலியெஸ்டரின் ஒட்டு எப்பாக்ஸியின் ஒட்டுக்குச் சமமில்லை. கீலின் அடிக்கு நான் எப்பாக்ஸிதான் சொல்வேன். ஆனால் ஏற்கெனவே எப்பாக்ஸி போட்ட இடத்தின் மேல் அவர் ரெசினையோ ஜெல்கோட்டையோ பூசக் கூடாது, சரியாகக் கெட்டியாகாமல் பிசுபிசுத்து உரிந்து வரும். அதேபோல் அவருடைய மேட்டை எடுத்து எப்பாக்ஸியில் நனைக்காதீர்கள். அதில் நார்களைப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எப்பாக்ஸியில் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். தைத்த பயாக்ஸியல் துணி வாங்குங்கள்.

அவர் கோபால்டையும் கேட்டலிஸ்டையும் ஒரே மூடியில் ஊற்றுகிறவராக இருந்தால் பத்தடி தள்ளி நில்லுங்கள். இரண்டும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்டை ரெசினில் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட்.

சரிவு (ஒட்டு உட்கார ஓரத்தைச் சாய்வாகத் தேய்க்கும் அகலம்): தடிப்பின் 12 மடங்கு. துளை 8 மி.மீ. மட்டும் என்றால் இவ்வளவு வேண்டாம், மேல்வாயைக் கிண்ணம்போல் 4 செ.மீ. விட்டத்துக்குத் தேய்த்து நாலைந்து வட்டத் துணி போதும். சுவர் 9 மி.மீ. தடிப்பு, 10 × 10 செ.மீ. இடம் முழுக்க வெட்டி எடுத்த இடமானால் சுற்றிலும் 108 மி.மீ. சரிவு, ஒட்டு 32 செ.மீ. சதுரமாகிவிடும். 600 கிராம் துணி ஒரு அடுக்கு 0.75 மி.மீ., ஆக 12 அடுக்கு, துணி 350 கிராம், எப்பாக்ஸி 400 கிராம். பெரிய துண்டு முதலில், சிறியது கடைசியில். மாற்றி வைத்தால் மேலே மட்டம் தேய்க்கும்போது வலுவான பெரிய துணிதான் அறுபடும். வெயிலில் நான்கு அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம்.

உங்கள் முன்கோடியில் 3 மி.மீ. போயிருக்கிறது: கெட்டி வரை தேய்த்து, 36 மி.மீ. சரிவு, நான்கு அடுக்கு, அதன் மேல் அடிப்பரப்புக்கு மட்டும் இன்னும் இரண்டு. அடுத்த தடவை மணலில் உரசப் போவதும் அந்த இடம்தான்.

அடுக்குகளுக்கு நடுவே ஒரு இரவு போனால், மேலே மெழுகு மாதிரி அமைன் படலம் நிற்கும். அசிடோனில் போகாது. தண்ணீரும் பச்சைத் தேய்ப்பு நாரும் போதும், பிறகு 80 கிரிட்.

#21 சோழகம்

போல்ட் போட்ட கீல் வைச்சிருக்கிற ஆக்கள் இதை அப்படியே எடுக்க வேண்டாம். நோர்டிக் ஃபோக்போட் மாதிரி வார்ப்பிரும்புக் கீலை போல்டில தொங்கவிட்டிருந்தால் கீலுக்குள்ள தண்ணி போறதில்லை, கீலுக்கும் ஹல்லுக்கும் இடையில போகுது. முன்கோடியில வாய் திறந்த மாதிரி ஒரு விரிசல் தெரியும். அதுக்கு மேலால புட்டி பூசினால் விரிசல் மறையும், உள்ள துருவேறாத எஃகு போல்ட் ஒக்சிசன் இல்லாத ஈரத்தில குழி விழுந்து கொண்டிருக்கும். நட்டுக்குக் கீழ பழுப்புக் கறை இருந்தால் படகை இறக்காதேங்கோ. 2014 மே மாதம் அத்திலாந்திக்கில சீக்கி ரஃபிக்கி எண்ட 40 அடிப் படகு கீல் கழண்டு கவிழ்ந்து நாலு பேர் போனவை. முந்தித் தரை தட்டினதாலயும் உள்சட்டம் ஹல்லில இருந்து விட்டுப் போனதாலயும் இருக்கலாம் எண்டு விசாரணை அறிக்கை சொன்னது.

கட்டலினா 22 மாதிரி ஊஞ்சல் கீல் வேற. அது 550 பவுண்ட் வார்ப்பிரும்பு, எப்பவும் தண்ணிக்குள்ளதான். அதுக்குப் பெயின்ட்டும் பிவட் பின்னும்தான் பார்வை.

#22 கச்சான்காற்று

கீலின் அடியில் நிரந்தர வடிகால் மூடி ஒன்று வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள், வெண்கலத்தில் விற்கிறது. பேலஸ்ட் ஈயம் என்றால் வையுங்கள். இரும்பு என்றால் வெண்கலம் அதற்கு மிக அருகில் கடல் நீரில் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. உப்புத்தண்ணீர் இரண்டையும் இணைத்த நாளில் இரும்புதான் கரையும்.

#23 தண்டையல்

எனக்கு எந்த உலோகமும் வேண்டாம். ஒவ்வொரு கரையேற்றத்திலும் அதே இடத்தில் 6 மி.மீ. துளை போட்டு, ஒரு நாள் பார்த்து, சொட்டு இல்லையென்றால் எப்பாக்ஸிப் பசையால் அடைப்பது கால் மணி நேர வேலை. இடம் மறக்காமல் இருக்கக் கீலின் பின்கோடியிலிருந்து செ.மீ. கணக்கை லாக் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

வெளிப்பூச்சுக்கு வந்தால்: தேய்த்த இடம் முழுக்க எப்பாக்ஸி பேரியர் (நீர்த்தடைப் பூச்சு) ஐந்து கை, காய்ந்து மொத்தம் 250 மைக்ரான் தேற வேண்டும். ஒரு கை சாம்பல், ஒரு கை வெள்ளை என்று மாற்றி அடித்தால் விட்ட இடம் கண்ணில் படும். கடைசிக் கை விரல் ரேகை பதியும், ஆனால் விரலில் ஒட்டாது என்ற பதத்தில் இருக்கும்போதே ஆன்டிஃபவுலிங் முதல் கை. அந்த நேரம் தவறினால் முழுக்கத் தேய்க்க வேண்டிவரும், நம் வெப்பத்தில் அது இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தவறிவிடும்.

#24 கொண்டல்_22

மூடி நாளை. கேள்வி ஒன்றுதான். படகு தண்ணீரில் இருக்கும்போதே உள்ளே வந்ததா என்று பார்க்க ஏதாவது வழி உண்டா? அடுத்த கரையேற்றம் ஒரு வருஷம் கழித்துத்தான்.

#25 எப்பாக்ஸி ராசு

மூடி போடும்போதே அதன் பின்கோடியில், தாழ்வான இடத்தில், 12 மி.மீ. உள்விட்டமுள்ள ஃபைபர் குழாய் ஒன்றைச் செங்குத்தாக வைத்து அடுக்குகளோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். கீழ்நுனி பேலஸ்டுக்கும் பின்சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் இறங்கட்டும். நிரப்பும்போது எப்பாக்ஸி அதற்குள் ஏறாமல் இருக்க ஒரு மெழுகு பூசிய கம்பியைச் செருகி வைத்து, எப்பாக்ஸி ஓடாத பதத்துக்கு வந்ததும், முழுக்கக் கெட்டியாவதற்குள் உருவிவிடுங்கள். மேல்நுனி ரப்பர் அடைப்பான். மாதம் ஒரு தடவை கம்பியில் பஞ்சு சுற்றி விட்டு எடுத்தால் போதும்.

#26 தண்டையல்

குழாயின் உயரத்தைச் சொல்ல மறந்துவிட்டார். படகு 30 டிகிரி சாயும்போது பில்ஜ் தண்ணீர் பக்கச் சுவரில் எவ்வளவு ஏறுமோ அதற்கு மேல் நிற்க வேண்டும். குழாய் நடுக்கோட்டில் இருந்தால் பம்பின் ஃப்ளோட் சுவிட்ச் ஓடும் மட்டத்துக்கு மேலே 15 செ.மீ. வைத்துக்கொள்ளுங்கள். தரைப்பலகைக்கு இடிக்கிறது என்று அறுத்துக் குட்டையாக்கிவிடாதீர்கள். இடித்தால் பலகையில் ஓட்டை போடுங்கள்.